ஒரு தடவை கேட்பவர்

"சாயா எடுக்கட்டே?" என்று அவர் கேட்டார்.

"ஐயோ, அதெல்லாம் வேண்டாம். இப்பதான் குடிச்சிட்டு வந்தோம்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தம்ளரில் தனக்கு மட்டும் சாயாவுடன் வந்து, எங்களுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, நிதானமாகக் குடித்தார்.

நாங்கள் எதையும் குடித்துவிட்டு வரவில்லை. திருநெல்வேலியில் விடியுமுன்பே சாமான்களை லாரியில் ஏற்றி, டிரைவர் பக்கத்தில் நானும் என் கணவரும் மடியில் பிள்ளையுமாக நெருக்கி உட்கார்ந்து, நாகர்கோவிலிலும் நிறுத்தாமல் நெய்யாற்றின்கரையிலும் நிறுத்தாமல் கரமனைக்கு வந்து இறங்கியிருந்தோம். என் கணவர் அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சாயா குறையக் குறைய அவர் முகம் வாடியது. கடைசியில், சிகரெட் பழக்கமே இல்லாத அந்த மனிதர், சிகரெட் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு முக்குக் கடைக்கு நடந்தார்.

திருவனந்தபுரத்தில் எங்கள் முதல் வீட்டுக்கார அம்மா அவர். கீழே அவர், மாடியில் நாங்கள். ஆறேழு வருடம் அங்கே இருந்தோம். தொண்ணூறுகளின் நடுவில் காப்பீட்டு அலுவலகத்தில் எனக்கு மாற்றல் வந்தது. என் கணவர் மோட்டார் பம்ப் விற்பனைப் பிரதிநிதியாக இருந்ததால் எந்த ஊரில் வீடு இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். வீட்டுக்காரரைச் சந்தில் எல்லோரும் சேச்சி என்றார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இங்கேயும் அந்தப் பெயர் போதும்.

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் அந்தச் சாயாவின் கதை விளங்கும். வந்தவரிடம் காப்பி வேண்டுமா என்று கேட்போம். வேண்டாம் என்பார். அரை தம்ளராவது என்போம். எதுக்கு உங்களுக்குச் சிரமம் என்பார். அதற்குமேல் கேட்பது கிடையாது, தம்ளரைக் கையில் கொடுத்துவிடுவோம். முதலில் சொல்லும் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது, கேட்டவர் மனதாரக் கேட்டாரா என்று பார்க்க. கேட்ட மாத்திரத்தில் சரி என்பவரை, "எப்படா கேப்பான்னு இருந்திருப்பா போல" என்று அவர் போன பிறகு பேசுவார்கள். அப்படிப் பேசும் வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். எனவே அன்று சேச்சி செய்ததைத் தடித்தனம் என்றே முடிவு கட்டினேன்.

அந்த முடிவைப் பிறகு பலமுறை திருத்த வேண்டியிருந்தது. சேச்சி எதையும் ஒரு தடவைதான் கேட்பார். பதில் என்ன வருகிறதோ அதுதான் பதில் என்று எடுத்துக்கொள்வார். அந்தப் பதிலுக்குப் பின்னால் இன்னொரு பதில் ஒளிந்திருக்கலாம் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது.

அவருக்கு அப்போது அறுபதை ஒட்டிய வயது. தம்பானூர் ரயில் நிலையத்தின் விசாரணைக் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். தமிழ் அங்கே கற்றதுதான். திருநெல்வேலி, நாகர்கோவில் பயணிகள் பேசியதைக் கேட்டுக் கேட்டு, பாதி மலையாளம் கலந்து, தயக்கமில்லாமல் பேசுவார். வீட்டில் நைட்டி, தோளில் ஒரு தோர்த்துத் துண்டு. வெளியே கிளம்பினால் கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் கறுப்புக் குடையும். காலையில் பத்திரிகையை மரண அறிவிப்புகள் உட்பட ஒரு பக்கம் விடாமல் வாசித்து முடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பார்.

கவுண்டர் பழக்கம்தான் அவரை இப்படி ஆக்கியிருக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். கேள்வி, பதில், அடுத்த ஆள். ஆனால் சந்தில் மற்றவர்களைக் கவனித்தபோது அவர்களிடமும் இதில் கொஞ்சம் இருந்தது. சேச்சியிடம் அது முழுதாக இருந்தது, அவ்வளவுதான். எதிர்வீட்டு அம்மா ஒருநாள் என்னிடம், "ஞங்களும் ரெண்டாமது ஒரு தடவை கேக்கும். சேச்சி அதும் இல்ல" என்றார்.

அந்த எதிர்வீட்டு அம்மாதான் ஒருமுறை சேச்சியின் பெரிய வெண்கல உருளியைக் கேட்டு வந்தார். மகளுக்கு நிச்சயம், பிரதமன் பாயசம் காய்ச்ச வேண்டும். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சேச்சி சொன்னது தெளிவாகக் கேட்டது.

"தரில்ல. போன தடவை அடி பிடிச்சு வந்து."

என் கை கொடியிலேயே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் என்றால், உருளி பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லியிருப்போம். அது பொய் என்று கேட்டவருக்கும் தெரியும். "அப்படியா, பரவால்ல" என்று போய்விட்டு ஐந்து வருடம் பேசாமல் இருப்பார். இங்கே எதிர்வீட்டு அம்மா, "ஓ, அப்போ வேண்டா" என்று சொல்லிவிட்டு, அங்கேயே கேட்டில் சாய்ந்து நின்று, மழை பிந்துவதைப் பற்றி வெகுநேரம் பேசினார். இனி உறவு எப்போது முறியும் என்று நான் காத்திருந்தேன். மறுநாள் காலை இரண்டு பேரும் ஒரே குடையில் கோவிலுக்குப் போனார்கள்.

என் பிள்ளைக்குக் காதுகுத்து வைத்தபோது, குங்குமச் சிமிழும் பத்திரிகையுமாக முதல் அழைப்புக்கு அவரிடம்தான் போனேன். தேதியைப் பார்த்துவிட்டு, "நான் வரில்ல மோளே. கூட்டத்துல எனக்குத் தலைவேதனை வரும்" என்றார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அலுவலகத்தில் யாரிடம் பத்திரிகை கொடுத்தாலும், "கண்டிப்பா வந்துருவோம்" என்றார்கள். அதில் பாதிப் பேர் வரவில்லை. சேச்சி, சொன்னபடியே, வரவில்லை. ஆனால் முந்தின நாள் மத்தியானம் தன்னுடைய அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்து, ஒரு சாக்கு பீன்ஸையும் அவரே அரிந்து கொடுத்துவிட்டுப் போனார்.

என் மாமியார் முதல்முறை வந்திருந்தபோது நடந்ததை எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள். அத்தை பத்து நாள் தங்கும் நினைப்போடு, முறுக்கு டின்னும் மாற்றுச் சேலைகளுமாக வந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் சேச்சி, "எத்தனை நாள் உண்டாகும்?" என்று கேட்டார். "நமக்கு என்னம்மா, நாளைக்கே கிளம்ப வேண்டியதுதான். அங்க போட்டது போட்டபடி கிடக்கு" என்றார் அத்தை. அதற்கு எங்கள் ஊரில் என்ன பதில் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இப்பதானே வந்திய, அதெல்லாம் விட மாட்டோம் என்பார்கள். சேச்சி உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, மறுநாள் காலை நாகர்கோவில் வண்டி எத்தனை மணிக்கு, எந்த பிளாட்பாரம், எந்தப் பெட்டியில் ஏறினால் மேம்பாலம் ஏறாமல் இறங்கலாம் என்பது வரை சொன்னார். மறுநாள் அத்தையால் சொன்ன சொல்லை விழுங்க முடியவில்லை. கிளம்பிப் போய்விட்டார். "அந்தம்மாகிட்ட வாயைத் தொறக்கதுக்கு முந்தி ரெண்டு தடவை யோசிக்கணும்" என்று ஊரெல்லாம் சொன்னார். அடுத்த முறை வந்தபோது, கேட்டில் காலை வைத்ததுமே, சேச்சி கேட்காமலே, "பதினைஞ்சு நாள் இருப்பேன்" என்று அறிவித்துவிட்டுத்தான் மாடியேறினார்.

ஒருநாள் நானே கேட்டேன். "ஏன் சேச்சி, ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டா என்ன?"

அவர் யோசித்துத்தான் சொன்னார். "நீ வேண்டாம்னு பறஞ்ஞு. நான் அதை விட்டுட்டுத் திரும்பவும் கேட்டா, முதல்ல நீ பறஞ்ஞது கள்ளம்னு ஆகும் இல்லையோ? வீட்டுக்கு வந்த ஆளைக் கள்ளின்னு விளிக்கலாமோ?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. நாங்கள் மரியாதை என்று செய்துவந்ததை அவர் அவமரியாதை என்று தவிர்த்துவந்திருக்கிறார்.

ஆனால் அவருடைய வழியில் சேதாரமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அவருக்கு ஒரே மகன், மஸ்கட்டில் வேலை. ஒரு மழைக்காலத்தில் விடுமுறையில் வந்திருந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்து எங்களோடு பேசிக்கொண்டிருந்தான். அவனுடைய அப்பா இறந்த வருடம், ஓணத்துக்கு வருவாயா என்று அம்மா போனில் கேட்டாராம். லீவு கஷ்டம் என்று இவன் சொல்லியிருக்கிறான். சரி என்று வைத்துவிட்டார். "இன்னொரு தடவை விளிச்சு, வா மோனேன்னு பறஞ்ஞிருந்தா அன்னைக்கே பிளேன் கேறியிருப்பேன் அக்கா" என்றான். அவர் கூப்பிடுவார் என்று அவன் காத்திருந்தது அவருக்குத் தெரியாது. பிறகு சேச்சியே ஒருநாள் அந்த ஓணத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னார்: "அந்த வருஷம் அவனுக்கு லீவு கிட்டல, பாவம்." அவன் மலையாளிதான், அந்தச் சந்தில் பிறந்தவன்தான். அவனுக்கும் இன்னொரு தடவை தேவைப்பட்டிருக்கிறது.

சேச்சி காலமாகிப் பல வருடம் ஆகிறது. கடைசியாக அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். அந்த வார்டில் யாரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் தேவலை, பரவாயில்லை என்றார்கள். வலிக்கிறதா என்று சேச்சியிடம் கேட்டேன். "வலிக்குது" என்றார். "நல்லா வலிக்குது. நீ உட்காரு."

இனி என் தங்கையின் விஷயம். சேச்சி என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

தங்கைக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் டெக்னீசியன் வேலை கிடைத்து எங்களோடு வந்து தங்கியிருந்தாள். எங்களில் சேச்சியின் முறையை முதலில் பிடித்துக்கொண்டவள் அவள்தான். வந்த சில வாரத்திலேயே வேலையிலிருந்து திரும்பும்போது கீழேயே நின்று, "சேச்சி, பசிக்குது, என்ன இருக்கு?" என்பாள். "புட்டு உண்டு, பழம் உண்டு" என்று பதில் வரும். வேண்டாம் என்றால் உண்மையாகவே வேண்டாம் என்பாள். அதனால் அவள் சொல்லுக்குச் சேச்சியிடம் தனி மதிப்பு.

சேச்சியோடு கவுண்டரில் வேலை பார்த்த ஒரு தமிழ் அம்மா வழியாகத்தான் அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை அந்த அம்மாவின் அக்கா மகன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இரண்டு தலைமுறையாக இங்கே வலியசாலையில் இருக்கும் குடும்பம். பையனுக்கு அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். கேசரி, பஜ்ஜி, காப்பி. பையன் அதிகம் பேசவில்லை. காப்பியில் சீனி குறைவாகப் போதும் என்று மட்டும் சொன்னான்.

அவர்கள் போன பிறகு, தம்ளர்களைக் கழுவிக்கொண்டே தங்கை மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அவிய சீனி கம்மியாக் கேட்டாவளே. சுகர் ஏதும் இருக்குமோ?"

"உனக்கு என்னட்டி அதுல அக்கறை?" என்றேன்.

என் கணவர் கூடத்திலிருந்து, "சந்தேகம்னா ஊசியை எடுத்துட்டுப் போயிக் குத்திப் பாத்துட்டு வாயேன்" என்றார். அவள் பின்கழுத்து வரை சிவந்துவிட்டது. வேறென்ன வேண்டும்? எங்களுக்குப் புரிந்துவிட்டது.

முறைக்கு நான் கேட்டேன். "எனக்கு இப்பக் கல்யாணமே வேண்டாம்" என்றாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சொல்வதுதான். கேட்டதும் சரி என்று சொல்லும் பெண்ணைப் பற்றி என்ன பேசுவார்கள் என்பது காப்பி விஷயத்திலேயே தெரியும். இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும். கடைசியில் அவள் தலையைக் குனிந்து பேசாமல் இருப்பாள். அதுதான் சம்மதம்.

அன்று சாயங்காலம் சேச்சி மாடிக்கு வந்தார். பெண்ணின் மனதைத் தெரிந்து சொல்லும்படி அந்தப் பழைய சிநேகிதி அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாராம், அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் அடுக்களையில் இருந்தேன்.

"மோளே, பையனை இஷ்டப்பெட்டோ?"

"எனக்கு இப்பக் கல்யாணமே வேண்டாம் சேச்சி."

"சரி" என்றார் சேச்சி. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் காலை குடையை எடுத்துக்கொண்டு வலியசாலைக்குப் போய், பெண்ணுக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டு, வரும் வழியில் சாலைக் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு வந்தார்.

எங்களுக்கு இது தெரியாது. அப்பா சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. புதன்கிழமை என் கணவர் அதைச் சொல்ல அவர்களுக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பையனின் அம்மா, "பெண்ணுக்கு இஷ்டமில்லேன்னு சேச்சி வந்து பறஞ்சாங்களே. நாங்க ஞாயித்துக்கிழமை நாகர்கோவில்ல வேற பெண் பார்க்கப் போறோம்" என்றாராம். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது என்றார் என் கணவர்.

தங்கை கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கழுவி வைத்திருந்த தட்டுகளை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

என் கணவர் படபடவென்று கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன். சேச்சி முற்றத்தில் தேங்காய் மட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன சேச்சி இப்படிப் பண்ணிட்டிங்க?"

சேச்சிக்கு விளங்கவில்லை. "அவள்தானே பறஞ்ஞு, வேண்டாம்னு."

"அது வெக்கத்துல சொல்லுதது சேச்சி. இஷ்டம் இருக்கிற பொண்ணுங்க முதல்ல அப்படித்தான் சொல்லும்."

"அப்படியோ." சேச்சி மட்டையைக் கீழே வைத்தார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "அப்போ இஷ்டம் இல்லாத பொண்ணு என்ன பறயும்?"

என் கணவர் வாயைத் திறந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அவளும் அதேதான் சொல்லுவா" என்றேன்.

"பின்னே உங்களுக்கு எப்படித் தெரியும், இது எதுன்னு?"

"முகத்தப் பாத்தாத் தெரியும் சேச்சி."

"தெரியாமப் போனதே இல்லையோ?"

அந்த நேரத்தில் எனக்கு என் சித்தியின் ஞாபகம் வந்தது. சித்தியும் வேண்டாம் என்றுதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், முகூர்த்தம் குறித்தார்கள். சித்தப்பா நல்லவர். குறை என்று யாரும் எதையும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு, எந்தச் சேலை வேண்டும், எந்தப் படத்துக்குப் போகலாம், எந்தப் பலகாரம் செய்யட்டும் என்று எதைக் கேட்டாலும் சித்தி, "எதுன்னாலும் சரி" என்றுதான் சொல்வாள். அவள் சொன்ன வேண்டாம் எந்த வகை என்று அன்று முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா, எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலை வண்டியில் அப்பா வந்துவிட்டார். ஊரில் வீட்டில் போன் இல்லை, முன்கூட்டிச் சொல்லி நிறுத்த முடியவில்லை. அரிசி ஆலையில் மேனேஜராக இருந்தவர், அளந்து பேசுகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பொண்ணு வீட்டுக்காரன் மாத்தி மாத்திப் பேசக் கூடாது. விட்ருங்க" என்றார். தங்கையிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவளும் அவர் முன்னால் வரவில்லை. இரண்டு நாளாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். மறுநாள் விடிந்தால் மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவிலுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பதினோரு மணி வாக்கில் சேச்சி, கஞ்சி போட்ட புடவையும் குடையுமாக மாடியேறி வந்தார். அப்பா எழுந்து நின்றார். சேச்சி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, நின்றபடியே பேசினார்.

"ஒரு பதிலை நான் கொண்டுபோய்க் குடுத்தேன். அது மாறியிருந்தா, மாறினதையும் நான்தான் கொண்டுபோகணும். வண்டி நேரம் மாறினா அறிவிப்பு குடுக்கிற மாதிரி. பக்ஷே நீங்க பறஞ்ஞா போகமாட்டேன். அவள் பறயணும்."

அப்பாவின் பார்வை என் பக்கம் வந்தது. நான் அடுக்களை வாசலைப் பார்த்தேன். தங்கை அங்கே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைக் கேட்டுவிடுங்கள் சேச்சி என்று என் கணவர் சொன்னார்.

"கேட்டாச்சு" என்றார் சேச்சி. "ரெண்டாமது நான் கேக்க மாட்டேன். மாத்தணும்னா அவளாப் பறயட்டும்."

எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு இருக்கும் ஒரே மறைவு அந்தக் கேள்விதான். யாராவது கேட்டால்தான் தலையைக் குனிய முடியும். இப்போது கேட்கவும் ஆள் இல்லை. அவளாக வாயைத் திறக்க வேண்டும், அதுவும் அப்பா இருக்கும்போது.

கடைசியில் தங்கை தரையைப் பார்த்தபடி, "அப்பா இஷ்டம்தான்" என்றாள்.

எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய சம்மதம் கிடையாது. எனக்கு மூச்சு வந்தது.

சேச்சி அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். "அப்படின்னா அச்சன் கெட்டிக்கட்டும், அந்தப் பையனை" என்றார்.

என் கணவர் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். அப்பா சிரிக்கவில்லை. சேச்சி வேடிக்கைக்குச் சொல்லவும் இல்லை. அவருக்குக் கிடைத்த பதில் அதுதான், அதைக் கொண்டுபோய்ச் சொல்ல முடியாது. குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகக் கீழே போனது. கேட்டின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது.

தங்கை ஓடினாள். முதலில் படிப்பக்கம் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வராந்தாவுக்குப் போய், கைப்பிடிச் சுவரில் பாதி உடம்பு வெளியே தொங்க, கீழே சந்தைப் பார்த்துக் கத்தினாள்.

"சேச்சி, எனக்கு அவியளப் புடிச்சிருக்கு. போயிச் சொல்லுங்க."

எதிர்வீட்டு அம்மா முறத்தோடு நிமிர்ந்து பார்த்தார். சைக்கிளில் மீன் கொண்டுவந்தவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார். சேச்சி திரும்பி மேலே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஏறியிருந்தது. குடையை விரித்துக்கொண்டு, ஏற்றத்தில், பஸ் போகும் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

தங்கை உள்ளே வர வெகுநேரம் பிடித்தது. வந்தபோது அப்பா பேப்பரில் இருந்தார். அது காலையிலிருந்து திருப்பப்படாத பக்கம்.

வலியசாலையில் பையனின் அம்மா, இப்போது எப்படி மனது மாறியது என்று கேட்டாராம். மாடியில் நின்று கூப்பிட்டுச் சொன்னாள் என்று சேச்சி நடந்ததை நடந்தபடியே சொல்லியிருக்கிறார். பையன் உள்ளறையில் சிரித்துவிட்டானாம். நாகர்கோவில் பயணம் நின்றது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஊரில் அப்பா, மாப்பிள்ளை வீட்டார் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், தட்ட முடியவில்லை என்று சொல்லிக்கொண்டார். நாங்கள் யாரும் அதைத் திருத்தவில்லை.

சேச்சி வலியசாலைக்குப் போய்வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அப்பா கிளம்பினார். தம்பானூர் பஸ்ஸுக்காகக் கரமனை நிறுத்தத்தில் அவரோடு நான் மட்டும் நின்றேன். கையில் பை, பைக்குள் தங்கை கட்டிக் கொடுத்த புளியோதரை. ரோட்டைப் பார்த்தபடியே அப்பா சொன்னார்:

"உன்கிட்டயும் அன்னைக்குக் கேட்டேம்லா. நீயும் வேண்டாம்னுதான் சொன்ன."

"ஆமாப்பா."

"மூணு தடவையும் சொன்ன."

எனக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம் ஆகியிருந்தது.

"அது எந்த வேண்டாம்?" என்றார்.

"சும்மா சொன்னதுதான்ப்பா" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பஸ் வந்துவிட்டது. ஏறி, இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் சொன்னது உண்மைதான். ஆனாலும் இன்னொரு தடவை கேட்பார் என்று எண்ணி, பஸ் நகரும் வரை அந்த ஜன்னலுக்குக் கீழேயே நின்றேன். அப்பா கேட்கவில்லை.